பழைய ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கி, போன வச்சு பறவை படம் எடுக்கிறது எப்படி (எண்ணூர், பழவேற்காடு பக்கம் சுத்துறவங்களுக்கு)

பைனாகுலரோட எண்ணூர் கழிமுகத்துக்கு போனவங்களுக்கு இது நல்லா தெரியும். தண்ணி வத்தி சேறு தெரியுற நேரம், அந்தாண்ட கரையோரமா கூட்டமா ஏதோ மேயுது, உள்ளான் (சேத்துல மேயுற சின்ன கரைப் பறவை)னு தெரியுது, எந்த உள்ளான்னுதான் தெரியல. 8க்கு 42 (8 மடங்கு பெருசா காட்டுற, 42 மிமீ கண்ணாடி) பைனாகுலர்ல எல்லாம் பழுப்பு பொட்டாதான் தெரியும். கிட்ட போலாம்னா முட்டி வரைக்கும் சேறு, அதையும் மீறி எறங்குனா பறவை எழும்பி காட்டுப்பள்ளி பக்கம் போயிடும். இந்த தூரத்துக்குன்னே இருக்குறதுதான் ஸ்பாட்டிங் ஸ்கோப், ஸ்டாண்டுல வச்சு ஒத்தக்கண்ணால பாக்குற தொலைநோக்கி. புதுசா நல்லது வாங்குறதுக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கிடலாம், அதனால செகண்ட் ஹேண்ட் பத்திதான் எழுதுறேன்.

ஸ்கோப் ஐபீஸ்ல (நாம கண்ண வைக்குற பக்கத்து கண்ணாடி) போன் கேமராவ வச்சு படம் எடுக்குறதுக்கு பேரு டிஜிஸ்கோப்பிங். 1999 வாக்குல மலேசியாவ சேர்ந்த லாரன்ஸ் போ அப்படிங்குறவர் லைக்கா ஸ்கோப்ல நிக்கான் கூல்பிக்ஸ் கேமராவ ஒட்ட வச்சு எடுத்து காட்டுனாரு, அதுலேர்ந்துதான் இது பரவுச்சு. இப்ப நம்ம பாக்கெட்ல இருக்குற போனு அந்த கூல்பிக்ஸ விட பல மடங்கு மேல. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், 600 மிமீ லென்ஸ் போட்ட கேமரா மாதிரி வரும்னு எதிர்பாக்காதீங்க, பறக்குற பறவைய மறந்துடுங்க. நின்னு மேயுறது, ஒக்காந்திருக்குறது, தூங்குறது, இதெல்லாம் அடையாளம் சொல்ற அளவுக்கு, சில நாள் பிரேம் போடுற அளவுக்கே வரும்.

எங்க கிடைக்கும்? பர்மா பஜார்ல கேட்டா பைனாகுலர் எடுத்து காட்டுவாங்க, ஸ்கோப்னு சொன்னா டெலஸ்கோப்பான்னு திருப்பி கேப்பாங்க. நல்ல சரக்கு பெரும்பாலும் ஆளுங்க கிட்டேர்ந்து ஆளுங்களுக்கு கைமாறுறதுதான். பறவை பாக்குறவங்க வாட்ஸ்அப் குரூப், ரைபிள் ஷூட்டிங் பழகுறவங்க (குறி பலகைல ஓட்டை எங்க விழுந்துச்சுன்னு பாக்க 60 மிமீ ஸ்கோப் வச்சிருப்பாங்க), நட்சத்திரம் பாக்குறவங்க, கப்பல் வேலைக்கு போயிட்டு வந்தவங்க வீடு, இங்கெல்லாம் சொல்லி வைங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது நல்ல ஸ்கோப்ல கண்ண வச்சு பாத்துடணும், இல்லன்னா எது நல்லதுன்னே தெரியாது. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி மாதிரி அமைப்புங்க கூட வெளிய போனா யாராவது ஸ்கோப் கொண்டு வந்திருப்பாங்க, கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

ஆன்லைன் விளம்பரத்துல "நான் ஆர்மில இருக்கேன், ட்ரான்ஸ்பர் ஆயிடுச்சு, பார்சல்ல அனுப்பிடுறேன், அட்வான்ஸ் மட்டும் போடுங்க"ன்னு ஒருத்தர் வருவாரு. பதில் போடாம விட்டுடுங்க. பொருள கைல வாங்கி பாத்துட்டுதான் யூபிஐ.

இப்ப நம்பருக்கு வருவோம். 20-60க்கு 80ன்னு போட்டிருந்தா 20 லேர்ந்து 60 மடங்கு பெருசா காட்டும், முன்னாடி கண்ணாடி 80 மிமீ அகலம். எல்லாரும் அந்த 60லதான் மயங்குவாங்க, ஆனா நீங்க பாக்க வேண்டியது 80. கண்ணாடி அகலத்த மடங்கால வகுத்தா ஐபீஸ்லேர்ந்து வெளிய வர்ற வெளிச்ச வட்டத்தோட அளவு கிடைக்கும். 20 மடங்குல 4 மிமீ, 60 மடங்குல 1.3 மிமீதான். அந்த 1.3ல கண்ணுக்கே இருட்டா தெரியும், போன் கேமரா எங்க போய் வெளிச்சம் தேடும்? டிஜிஸ்கோப்பிங் முக்காவாசி 20 லேர்ந்து 30க்குள்ளதான் நடக்கும், அதனால 60 போட்டா எப்படி இருக்குன்னு பாத்து விலை பேசாதீங்க, 25ல எப்படி இருக்குன்னு பாருங்க.

இதே கணக்குல டூப்ளிகேட்டையும் புடிக்கலாம். பிளாட்பாரத்துல "40க்கு 60"ன்னு அச்சடிச்சு விக்கிற குட்டி ஒத்தக்கண் குழாய் இருக்கே, அத வானத்த பாத்து கை நீட்டி புடிங்க, ஐபீஸ் நடுவுல ஒரு வெளிச்ச வட்டம் தெரியும், ஸ்கேல வச்சு அளந்து பாருங்க. நிஜமாவே 40 மடங்குன்னா அது 1.5 மிமீதான் இருக்கணும். 5 மிமீ இருந்தா 60ஐ 5ஆல வகுங்க, 12 மடங்கு, அவ்ளோதான் சரக்கு. அதுவும் கண்ணாடி முழு அகலமும் வேலை செஞ்சாதான், உள்ள வளையம் வச்சு சுருக்கியிருந்தா அதவிட கம்மி. கடைக்காரர் முன்னாடி ஸ்கேல எடுத்து அளக்கும்போது அவர் மூஞ்சிய பாக்கணுமே.

60 மிமீயா 80 மிமீயான்னு கேட்டா, ட்ரெயின்ல தூக்கிட்டு போறவங்களுக்கு 60, 65 போதும், படம் முக்கியம்னா 80. கண்ணாடில ஈடின்னு (கலர் சிதறாம காட்டுற கண்ணாடி) போட்டிருந்தா நல்லது. அது இல்லாத ஸ்கோப்ல கொக்கோட ஓரத்துல ஊதா கலர் கோடு ஓடும், கண்ணுக்கு அவ்ளவா தெரியாது, போட்டோல அப்பட்டமா தெரியும். சாயந்தர வானத்துக்கு எதிரா இருக்குற கரண்ட் கம்பி, மொபைல் டவர் ஓரத்த பாத்தா தெரிஞ்சிடும். அப்புறம் ஐபீஸ் குழாய்க்கு நேரா இருக்குறதா, மேல சாய்ஞ்சதா? பறவைய தேடி புடிக்க நேரானது ஈஸி, ஆனா போன் மாட்டுறதுக்கும் ஒசரம் வேற வேறயா இருக்குற நாலு பேர் மாத்தி மாத்தி பாக்குறதுக்கும் சாய்ஞ்சதுதான் வசதி. நான் சாய்ஞ்சத எடுங்கன்னுதான் சொல்லுவேன்.

கம்பெனி விஷயத்துல, ஸ்வரோவ்ஸ்கி, ஜைஸ், லைக்கா, கோவா எல்லாம் பழசானாலும் விலை எறங்காது, கிடைச்சா சந்தோஷம். நம்ம பட்ஜெட்டுக்கு நிக்கான் பழைய ஃபீல்டுஸ்கோப், பென்டாக்ஸ், வோர்டெக்ஸ், செலஸ்ட்ரான், இன்னும் கீழ வந்தா எஸ்விபோனி. பென்டாக்ஸ் பிஎஃப் வரிசைல ஒரு சௌகரியம் இருக்கு, டெலஸ்கோப்புக்கு போடுற ஒன்னேகால் இன்ச் ஐபீஸே அதுல மாட்டும். மத்ததுல ஐபீஸ் தனியா வருதா, கூடவே குடுக்குறாங்களான்னு கட்டாயம் கேளுங்க, பாடி மட்டும் சல்லிசா வாங்கிட்டு ஐபீஸ் தேடி அலையுறது பெரிய கொடும, ஒரு கம்பெனி ஐபீஸ் இன்னொன்னுல பெரும்பாலும் மாட்டாது.

இப்பதான் மெயின் மேட்டர். நம்ம ஊர்ல பழைய ஸ்கோப்புக்கு எமன் ஃபங்கஸ். கடல் காத்து, வருஷம் பூரா ஈரம், பைக்குள்ளயே மூடி வச்சு பரண்ல போட்டிருப்பாங்க. வாங்க போறப்ப போன் டார்ச்ச எடுத்து முன் கண்ணாடி பக்கத்துலேர்ந்து உள்ள அடிங்க, நேரா அடிக்காம கொஞ்சம் சாய்ச்சு, அப்புறம் ஐபீஸ கழட்ட முடிஞ்சா கழட்டி அந்தப் பக்கத்துலேர்ந்தும் அடிங்க. தூசி புள்ளி புள்ளியா தெரியும், அத பத்தி கவலையே படாதீங்க, படத்துல வராது. ஃபங்கஸ்னா ஓரத்துலேர்ந்து மெல்லிசா நூல் நூலா கிளை விட்டு நடுப்பக்கம் போகும். முழுசா பால் மாதிரி மங்கலா இருந்தா அது வேற, உள்ள படிஞ்ச ஆவி இல்லன்னா எண்ணெய். ஒட்டு கண்ணாடி பிரிஞ்சிருந்தா ஓரத்துல வானவில் கலர்ல திட்டு தெரியும். ஐபீஸ் மேல் கண்ணாடில லேசா பூஞ்சைன்னா விலைய கொறச்சு பேசிட்டு எடுக்கலாம், வெளியவே துடைச்சிடலாம். உள்ள ப்ரிஸம் (படத்த நேரா திருப்பி காட்டுற கண்ணாடி கட்டி) வரைக்கும் போயிருந்தா வேணாம், சும்மா குடுத்தாலும் வேணாம். அத கழட்டி சுத்தம் பண்ணி திருப்பி நேரா ஒக்கார வைக்க தெரிஞ்ச ஆள தேடணும், உள்ள அடைச்சிருந்த நைட்ரஜனும் போயிடும், அதோட வாட்டர் ப்ரூஃபும் போச்சு.

முன் கண்ணாடில ஒரு கீறல் இருந்தா நல்லது, பேரம் பேச உதவும், படத்துல ஒண்ணும் தெரியாது. ஐபீஸ்ல கீறல்தான் தொல்லை, ஏன்னா போன் கேமரா அதுக்கு மேலயே ஒக்காந்திருக்கும்.

அடுத்து காதுகிட்ட வச்சு மெதுவா ஆட்டுங்க. உள்ள லொடலொடன்னா ப்ரிஸம் ஆடுது. ஃபோகஸ் குமிழ ஒரு எண்டுலேர்ந்து இன்னொரு எண்டு வரைக்கும் திருப்புங்க, நடுவுல இறுக்கமா ஆகுதா, திருப்புறப்ப படம் பக்கவாட்டுல குதிக்குதான்னு பாருங்க. பழைய கிரீஸ் கெட்டியாயிருந்தா ஓரளவு பரவால்ல. ரொம்ப தூரத்துல இருக்குறது, நிலாவோ நட்சத்திரமோ, ஃபோகஸ் ஆகி அதுக்கு அப்புறமும் குமிழ் கொஞ்சம் திரும்பணும், அங்கயே முட்டி நின்னா ஏதோ இடம் மாறி ஒக்காந்திருக்குன்னு அர்த்தம். கீழ ஸ்டாண்டு மாட்டுற மரை தேஞ்சிருக்கான்னு ஒரு போல்ட்ட விட்டு பாருங்க, இத பாக்காமயே வாங்கிட்டு போறவங்க நெறைய பேரு.

வீட்டு ஹால்லயோ கடைக்குள்ளயோ வச்சு முடிவு பண்ணாதீங்க. "அண்ணா, மொட்ட மாடிக்கு போலாமா"ன்னு கேளுங்க, சாயந்தரம் 5 மணிக்கு போனா வெளிச்சத்துலயும் பாக்கலாம், மசங்குற நேரத்துலயும் பாக்கலாம், இருட்டுனதும் நட்சத்திரமும் பாக்கலாம். தூரத்துல இருக்குற போர்டு எழுத்த 20ல படிங்க, அப்படியே 40, 60ன்னு ஏத்துங்க. எழுத்து பெருசாகுது ஆனா தெளிவு கூடல, கொழகொழன்னு ஆகுதுன்னா எந்த எடத்துல ஆகுதுன்னு குறிச்சு வைங்க, அதுக்கு மேல இருக்குற நம்பருக்கு காசு குடுக்க வேணாம். நட்சத்திரம் வந்ததும் ஒண்ண புடிச்சு 60ல வச்சு ஃபோகஸ இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் கலைங்க. வட்ட வட்டமா வளையம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியணும். முக்கோணமா, வால் முளைச்ச மாதிரி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு வந்தா உள்ள கண்ணாடி கோணலா இருக்கு. வித்தவர் "தண்ணி உள்ள போகாது சார்"னு சொன்னா ஏசி ரூம்ல வச்சிருந்துட்டு வெளிய எடுத்துட்டு வர சொல்லுங்க. வெளி கண்ணாடில ஆவி படிஞ்சு ரெண்டு நிமிஷத்துல போயிடும், அது நம்ம ஊர் புழுக்கம். துடைச்சாலும் போகாம உள் பக்கம் படிஞ்சா சீல் போயிடுச்சு.

புது விலைல பாதிக்கு மேல நான் குடுக்க மாட்டேன், பெரிய கம்பெனி சரக்கு மட்டும் விதிவிலக்கு. வாரன்ட்டி உங்க பேருக்கு மாறுமான்னு கம்பெனி சைட்ல பாருங்க, பல கம்பெனில மொத ஓனருக்குத்தான். பில் கிடைச்சா வாங்கி வைங்க.

ஸ்டாண்டு விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணா வாங்குன ஸ்கோப்பே வீண். செல்பி எடுக்குற டிரைபாட்ல வச்சா 30 மடங்குல பறவை டான்ஸ் ஆடும். நம்ம ஊருக்கு நல்ல வழி, கல்யாண வீடியோ எடுக்குறவங்க பழைய டிரைபாட். அவங்க கிம்பலுக்கு (ஆட்டம் தெரியாம கேமராவ தூக்கி புடிக்குற கைப்பிடி) மாறிட்டாங்க, கனமான ஃப்ளூயிட் ஹெட்டோட (குலுங்காம மெதுவா திரும்புற தலை) இருக்குற பழைய ஸ்டாண்டு ஸ்டுடியோ மூலைல கிடக்கும். வெயிட்டா இருக்கு, ஆனா எண்ணூர் கடல் காத்துக்கு அந்த வெயிட்டுதான் வேணும். நடு கம்பிய மேல தூக்காதீங்க, கால விரிச்சு நடுவுல பைய தொங்க விடுங்க. பாலத்து மேல மட்டும் நிறுத்தாதீங்க, ஒரு கன்டெய்னர் லாரி போனா பாலமே அதிரும், அந்த ரோட்டுல லாரி எப்ப போகாம இருந்துச்சு.

போன் மாட்டுறதுக்கு மூணு வழி. கைல புடிச்சு எடுக்கலாம், பழகிடும், வீடியோவுக்கு ஆகாது. திருகு வச்ச எல்லா போனுக்குமான அடாப்டர் ஆன்லைன்ல கிடைக்கும், ஒவ்வொரு தடவயும் நேரா வைக்கவே நேரம் போயிடும், அதுக்குள்ள மீன்கொத்தி கிளம்பிடும். மூணாவதுதான் எனக்கு புடிச்சது, நாமளே செய்யறது. ஐபீஸ சுத்தி ஒரு பேப்பர் துண்ட சுத்தி நீளத்த அளந்து 3.14ஆல வகுத்தா விட்டம் வந்துடும், இல்ல ஐபீஸையே எடுத்துட்டு ஹார்டுவேர் கடைக்கு போய் எந்த பிவிசி கப்ளிங் லேசா லூசா நுழையுதோ அத வாங்குங்க. உள்ள வெல்வெட் ஸ்டிக்கர் இல்லன்னா ஃபோம் ஷீட் ஒட்டுனா இறுக்கமா ஒக்காரும். போனுக்கு ஒரு கெட்டியான பேக் கவர் தனியா வாங்கி, மெயின் கேமரா இருக்குற எடத்துக்கு நேரா இந்த வளையத்த அரால்டைட் போட்டு ஒட்டணும். ஒட்டுறதுக்கு முன்னாடிதான் முக்கியமான வேலை. ஸ்கோப்ப வெளிச்சமா எதையாவது பாத்து வச்சு, போன முன்னும் பின்னும் நகத்துங்க. ரொம்ப கிட்ட வந்தா கருப்பு நிழல் அலையும், ரொம்ப தள்ளி போனா வட்டம் சுருங்கும், நடுவுல ஒரு எடத்துல வட்டம் முழுசா பெருசா நிக்கும். அந்த இடைவெளிக்கு வளையத்த வெட்டுங்க. பிவிசி சரியா வரலன்னா லேத் பட்டறைல நைலான்ல கடைஞ்சு தருவாங்க.

போன் செட்டிங். இப்ப முக்காவாசி போன்ல ரெண்டு மூணு கேமரா, ஜூம் பண்ணா இல்ல வெளிச்சம் கொறஞ்சா அதுவா வேற லென்ஸுக்கு தாவும், ஸ்கிரீன் கருப்பாயிடும். ப்ரோ மோடுல போய் மெயின் லென்ஸ புடிச்சு வைங்க, ஐபோன்ல செட்டிங்ஸ்ல மேக்ரோ கன்ட்ரோல ஆன் பண்ணிட்டு, கேமரால தெரியுற பூ பட்டன தட்டி மேக்ரோவ ஆஃப் பண்ணுங்க. மெயின் கேமரா கிட்டத்தட்ட பெரிய கேமரால போடுற 26 மிமீ லென்ஸுக்கு சமம், அதுக்கு முன்னாடி 20 மடங்கு ஸ்கோப் வச்சா 520 மிமீ லென்ஸ் மாதிரி, போன்ல 2 வரைக்கும் ஜூம் பண்ணா 1000த்த தாண்டுது. அந்த 1.5, 2 ஜூம்லதான் சுத்தி இருக்குற கருப்பு வட்டமும் போகும். இதுக்கு மேல பேராசப்படாதீங்க.

பறவைய கண்டுபுடிக்க எப்பவும் 20லேர்ந்து ஆரம்பிங்க. குழாய் மேல ஒரு கேபிள் டை கட்டி அதோட வால மேல்நோக்கி நிக்க விட்டா துப்பாக்கி குறி மாதிரி வேலை செய்யும், அஞ்சு ரூபா செலவு கூட இல்ல. கண்ணால ஃபோகஸ் பண்ணிட்டு போன மாட்டுனதும் ஸ்கிரீன்ல திருப்பி ஒரு தடவ குமிழால சரி பண்ணுங்க, கூர்மைய தாண்டி போய் திரும்பி வாங்க, அப்பதான் எது உச்சம்னு தெரியும். பறவையோட கண்ணு தெளிவா இருக்கணும், றெக்கை இல்ல. வெயில்ல ஸ்கிரீன் தெரியாது, தலையோட சேத்து ஒரு கருப்பு துண்ட போத்திக்கோங்க, பாக்குறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். தொட்டு புடிச்சு ஃபோகஸ் லாக் பண்ணி, வெளிச்சத்த கொஞ்சம் எறக்குங்க. கொக்கு, பூநாரை மாதிரி வெளுத்த பறவைக்கு எறக்கலன்னா இறகே இல்லாம வெள்ள பேப்பர் மாதிரி வரும். பட்டன தொட்டா ஆடும், அதனால 2 செகண்ட் டைமர் இல்ல ப்ளூடூத் ரிமோட், ஒயர் இயர்போன் வால்யூம் பட்டன்லயும் பல போன்ல எடுக்கலாம். ஷட்டர் வேகம் செகண்ட்ல 500ல ஒரு பங்க விட மெதுவா ஆகாம பாத்துக்கோங்க. தல ஆட்டிக்கிட்டே மேயுற உள்ளானுக்கு போட்டோவ விட 4கே வீடியோ எடுத்து நல்ல பிரேம புடுங்குறது லாபம்.

எங்க பழகறது? மொத வாரம் மாடிலயே டவர்ல ஒக்கார்ற பருந்த எடுங்க, காசிமேட்டு பக்கம் இருந்தா செம்பருந்தும் கிடைக்கும். அப்புறம் மாதவரம் ஏரி, ரெட்டேரி, தாழைக்கோழி, கூழைக்கடா எல்லாம் தூரமில்லாம நிக்கும். கை வந்ததும் எண்ணூர், பழவேற்காடு. வலசை பறவை நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும், மழை நின்னு ஜனவரில தண்ணி எறங்குனா இன்னும் நல்லது. பூநாரைக்கு பொன்னேரி வழியா அண்ணாமலைச்சேரி. போட்ல போய் கூட்டத்த கலைக்குறவங்க உண்டு, ஸ்கோப் இருந்தா கரைலயே நிக்கலாம். எண்ணூர்ல அலை வத்துற நேரத்த பாத்துட்டு போங்க. காலைல சூரியன் கடல் பக்கம், அதனால கிழக்கு கரைல நின்னு மேற்க பாத்து எடுங்க, சாயந்தரம் அப்படியே மாத்தி. 9 மணிக்கு மேல சேத்துலேர்ந்து கானல் கிளம்பும், எவ்வளவு விலை குடுத்து வாங்குன ஸ்கோப்பா இருந்தாலும் பறவை தண்ணிக்குள்ள நெளியுற மாதிரிதான் தெரியும், அப்ப மூட்டைய கட்டிட்டு டீ குடிக்க போங்க.

கிட்ட போகாம பாக்குறதுல வேற பிரயோஜனமும் இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் எண்ணெய் கசிஞ்சு கழிமுகத்துல பரவுனப்ப கூழைக்கடாங்க இறகெல்லாம் கருப்பா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அந்த மாதிரி பறவைய தொரத்தாம தூரத்துலேர்ந்தே எது எவ்வளவு அழுக்கா இருக்குன்னு படத்தோட வனத்துறைக்கு காட்ட முடியும்.

அந்தப் பக்கம் துறைமுகம், அனல் மின் நிலையம் எல்லாம் இருக்கு, தப்பித்தவறியும் ஸ்கோப்ப அந்தப் பக்கம் திருப்பாதீங்க, கேட் பக்கத்துல ஸ்டாண்டு போடாதீங்க, செக்யூரிட்டி கேட்டா எடுத்த படத்த காட்டுங்க. ஊர்க்காரங்க வேற மாதிரி பயப்படுவாங்க. மூணு கால் ஸ்டாண்டு மேல குழாய பாத்ததும் "இன்னாபா, சர்வே எடுக்க வந்துகிறியா?"ன்னுதான் மொத கேள்வி வரும், நிலம் போயிடுமோன்னு அவங்களுக்கு இருக்குற கவல நியாயமானது. "இல்லண்ணா, பறவை பாக்குறேன், நீங்களும் பாருங்க"ன்னு நகந்து எடம் குடுங்க. பாத்துட்டு அவரே சொல்லுவாரு எந்த திட்டுல எந்த மாசம் எது எறங்கும்னு, அந்த தகவல் எந்த ஆப்லயும் கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் உப்பு காத்து படிஞ்ச கண்ணாடிய சட்டைல துடைக்காதீங்க, மொதல்ல ப்ளோயர்ல (அமுக்குனா காத்து ஊதுற ரப்பர் பல்பு) ஊதி, அப்புறம் லென்ஸ் துணி, பாடிய லேசா ஈரத்துணில. பைக்குள்ள வைக்காம மூடி இறுக்கமா இருக்குற பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, உள்ள ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போட்டு 40, 50 சதவீதத்துல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஐப்பசி கார்த்திகைல ஜெல்ல அடிக்கடி சூடு பண்ணி மாத்தணும்.